நாதிர் பார்க்க நினைத்த இடங்கள்

அறைக்கதவைத் திறந்ததும் கட்டிலின் மேல் இரண்டு அன்னங்கள் இருந்தன. வெள்ளைத் துண்டுகளை மடித்து, கழுத்தோடு கழுத்து சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் ரோஜா இதழ்கள். மேசையில் ஒரு சின்ன கேக். 'புதுமணத் தம்பதிக்கு வாழ்த்துகள்' என்று அதன்மேல் க்ரீமில் எழுதியிருந்தது.

பெட்டிகளைக் கொண்டுவந்த ஓட்டல்காரர் என்னையும் இன்ஷிராஹ் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை பின்னால வர்றாரா?"

"இல்லப்பா. நாங்க ரெண்டு பேர்தான்," என்றார் அத்தை.

அவர் போனதும் அத்தை கட்டிலில் உட்கார்ந்து இதழ்களைப் புறங்கையால் கீழே தள்ளினார். அன்னங்களை உதறி மறுபடி துண்டுகளாக்கிக் குளியலறையில் மாட்டினார். கேக்கை என்ன செய்வது என்று கேட்டேன்.

"சாப்பிடறதுதான். அல்லா குடுத்த நிஃமத்த வீணாக்கக் கூடாது."

எழுத்து இருந்த பாதியை அவரே எடுத்துக்கொண்டார்.

நாதிர் அவருக்கு ஒரே பிள்ளை. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் நான் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர், ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்க மூன்று தடவை வந்தார். பிறகு தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மோதிரம் போட்டாயிற்று. கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தாயிற்று. அவரோடு ராணுவத்தில் இருந்த நண்பர் ஒருவர் செங்கடல் கரையில், ஹுர்கதாவில் இந்த ஓட்டலில் கணக்கு பார்க்கிறார். அவர் வழியாகத் தேனிலவுக்கு அறையும் எடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தந்தா போகிற சாலையில் நாதிர் போன மினிபஸ் ஒரு லாரியின் அடியில் புகுந்துவிட்டது.

அறையை ரத்து செய்ய முடியாது, தேதியை வேண்டுமானால் தள்ளிப்போடலாம் என்றார் நண்பர். ஆறு மாதம் தள்ளிப்போட்டதும் அத்தைதான். "அவன் ஆசையா எடுத்த ரூம். யாரோ ஒரு ரஷ்யாக்காரன் வந்து படுக்கறதுக்குப் பதிலா நாம போய் இருந்துட்டு வரலாம்," என்றார். அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு என்னைத் தனியாக அழைத்து, "போய்ட்டு வா. ஆனா விஷயத்தை அவங்ககிட்ட நீதான் சொல்லணும். வேற யார் வாயாலயும் தெரியக் கூடாது," என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அஷ்ரஃப் என்னைக் கேட்டு வந்திருந்தார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பஸ்ஸிலேயே சொல்லிவிட நினைத்தேன். ஆனால் அத்தை வீட்டிலிருந்து திராட்சை இலைச் சுருளும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தார். வாயில் முட்டையோடு அதைச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை, கடற்கரைக்குப் போகிற பாதையில் சுற்றுலா விற்கிற கலஃபின் மேசை முன்னால் நின்றோம். மேசை நிறையப் படங்கள். டால்ஃபின், கண்ணாடி அடித்தளப் படகு, நாலு சக்கர மோட்டார் பைக், ஒட்டகம், லக்ஸர் கோயில்.

"எந்த ஊருப்பா நீ?" என்று அத்தை கேட்டார்.

"கெனா, ஹாஜியம்மா."

"தெற்கத்திக்காரனா! அப்ப உன்கிட்ட வழி கேட்டுப் போனா சூடானுக்குத்தான் போவோம்."

"தெற்கத்திக்காரங்களப் பத்தி இருக்கற ஜோக்கு பூரா எனக்கு மனப்பாடம் ஹாஜியம்மா. புதுசா இருந்தா மட்டும் சொல்லுங்க, சிரிக்கறேன்."

அத்தை ஒட்டகப் படத்தை விரலால் தட்டினார். "இதுக்கு ரெண்டு பேர்."

"டால்ஃபினுக்குப் போகலாம் அத்தை," என்றேன். "அவரு அதைத்தான் சொன்னாரு."

"யாரு, நாதிரா? அவனுக்குத் தண்ணின்னாலே ஆகாதே. ஆறு வயசுல ராஸ் அல் பர் கடல்ல அலை இழுத்துட்டுப் போச்சு. அவங்கப்பா முடியப் புடிச்சு இழுத்து வெளிய போட்டாரு. அதுக்கப்புறம் அவனைக் குளிக்க வைக்கவே நான் கெஞ்சணும். என்கிட்ட பாலைவனம்னுதான் சொன்னான். ஒட்டகத்து மேல ஒக்காந்து ஃபோட்டோ அனுப்பறேன்னான்."

"என்கிட்ட டால்ஃபின்னாரு. கடலுக்குள்ள பாக்கற முகக் கண்ணாடி கூட வாங்கிட்டாரு, பவர் போட்டு. எங்க கடையிலதான் ஆர்டர் குடுத்தாரு."

"ஒன்ன சந்தோஷப்படுத்தச் சொல்லிருப்பான்."

"உங்கள சந்தோஷப்படுத்த ஒட்டகம்னு சொல்லிருக்கலாமே."

அத்தையின் முகம் இறுகிவிட்டது. கலஃப் இரண்டு கையையும் தூக்கினார். "எதுக்கு வம்பு? அவரையே ஃபோன்ல கூப்பிட்டுக் கேட்டா முடிஞ்சுது."

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் செத்துப் போய்ட்டான்ப்பா," என்றார் அத்தை.

கலஃப் எழுந்து நின்றுவிட்டார். "அல்லா அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்று மெல்லச் சொன்னார். படங்களைக் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் அடுக்கினார். "நாளைக்குப் பாலைவனம் போய்ட்டு வாங்க. மறுநாள் கடல். அவரு ரெண்டையும்தான் நெனச்சிருப்பாரு, ஹாஜியம்மா."

பாலைவனத்துக்கு அத்தை ஜீப்பில் வரமாட்டேன் என்றார். மோட்டார் பைக்கில்தான் வருவாராம். தலைத்துணியை முகத்தைச் சுற்றிக் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பின்னால் ஏறி இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூட வந்த போலந்துக்காரர்கள் அவரைப் படம் எடுத்தார்கள். முதல் மேட்டில் ஏறி இறங்கியபோது "யா ரப்! கொன்னுட்டா! வாழ வேண்டிய கிழவியக் கொன்னுட்டா!" என்று கத்தினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஆறு மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. முதுகில் அவர் வயிறு குலுங்குவது தெரிந்தது. நானும் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் வயிறு குலுங்குவது வேறு மாதிரி இருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மற்றவர்களை முன்னால் போகவிட்டு மெதுவாக ஓட்டினேன்.

மலைகளுக்கு நடுவே நாலைந்து கூடாரங்கள். பாலைவன நாடோடிப் பெண் ஒருத்தி தகர மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு டீ கொடுத்தாள். அரபி பேசுகிற விருந்தாளிகள் அவளுக்கு அபூர்வம்போல, விடாமல் பேச்சுக் கொடுத்தாள்.

"மகளா?"

"மருமக."

"மாஷா அல்லா. மகன் வரலையா?"

முந்தின நாள் காலை கலஃபிடம் உண்மையைச் சொன்ன அதே வாய்தான். "லீவு கெடைக்கல. லிஃப்ட் கம்பெனி. அவன் இல்லன்னா அங்க ஒரு வேலையும் நடக்காது," என்றார் அத்தை.

"பேரப்பிள்ளைங்க?"

"இன்ஷா அல்லா, சீக்கிரம்."

அந்தப் பெண் சூடான ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்து என் வயிற்றில் பிள்ளை உண்டாகட்டும் என்று துஆ செய்தாள். அத்தை ஆமீன் என்றார். நான் ரொட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒட்டகத்தில் நான் ஏறவில்லை. அத்தை ஏறினார். அது எழுந்தபோது பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். நான் படம் எடுத்தேன். இறங்கியதும் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்புகிற வழியில் பஸ்ஸில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ரீஹாம், நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். அவன் ரூம் அப்படியேதான் இருக்கு. புது மெத்தை, ஒறையக் கூடப் பிரிக்கல. நீ வந்து எங்கூட இருந்துடு. உங்கப்பாகிட்ட நான் பேசறேன். கடைக்கும் பக்கம். ஒனக்கு நான், எனக்கு நீ."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் என் விரலில் இருந்த நாதிரின் மோதிரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். வெளியே மலைகள் சிவந்து கறுத்தன. "நாளைக்குக் கடல்ல பேசலாம் அத்தை," என்றேன். அவர் சரி என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

படகில் எல்லோருக்கும் முன்னால் அத்தைதான் உயிர்காப்புச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். படகின் நட்ட நடுவில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார். மன்சூராவிலிருந்து வந்த ஒரு கல்லூரிக் கூட்டம் பாட்டு போட்டு ஆடியது. "ஹாஜியம்மா, ஒரு ஸ்டெப்பு!" என்று கூப்பிட்டார்கள். "கப்பல் முங்கினா நானே ஆடுவேன், போங்கடா," என்றார். வாந்தி வந்தபோது நான் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தேன். அவ்வளவு கஷ்டத்திலும், "இதுக்கா அவன் ஆசைப்பட்டான்? நிச்சயமா இல்ல. நீ சொல்றது பொய்யி," என்றார்.

பவளப்பாறைக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். டால்ஃபின்கள் வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த நாதிரின் முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அது அவர் கண்ணுக்காகச் செய்தது. எனக்கு அதில் எல்லாம் கலங்கித்தான் தெரிந்தது.

தண்ணீருக்குள் ஐந்தாறு சாம்பல் உருவங்கள் எனக்குக் கீழே போயின. அவசரமே இல்லாமல், ஒரு குடும்பம் மாலையில் கடைத்தெருவுக்குப் போவது போலப் போயின. ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு போனது. நாதிருக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அங்கேயே அழுதேன். கண்ணாடிக்குள் கண்ணீர் சேர்ந்து மூக்கு வரை வந்தது.

தலையை வெளியே தூக்கியபோது அத்தையின் குரல் கேட்டது. தூணை விட்டுவிட்டுப் படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ரீஹாம்! போதும் வா! மேல வா! யாராவது அவளப் புடிச்சு இழுங்களேன்! அட ஜனங்களே, எம்பொண்ண இழுங்க!"

ஏணியில் ஏறியதும் என்னைத் துண்டால் மூடினார். "அறிவு கெட்டவளே. எவ்வளவு நேரம் தலைய உள்ள வெச்சிருப்ப? நான் இங்க நிக்கறது தெரியல?" என்று திட்டிக்கொண்டே என் தலையைத் துவட்டினார். காது மடலுக்குப் பின்னால்கூட, குழந்தைக்குத் துவட்டுவது போல. எனக்கு அது தாங்கவில்லை.

"அத்தை, அப்பா ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டாரு. நானும் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் கைகள் இன்னும் கொஞ்சம் துவட்டின. பிறகு நின்றன.

"யாரு?"

"மருந்துக்கடை அஷ்ரஃப். உங்களுக்குத் தெரியும். நாதிரோட ஜனாஸா அடக்கத்துக்குக் கூட வந்தாரு."

"வந்தவன் எம்பிள்ளையப் பாக்க வந்தானா, ஒன்னப் பாக்க வந்தானா?"

நான் கழுத்தில் தொங்கிய முகக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"நீயும் சரின்னியா?"

"ஆமா."

"உங்கப்பா மெரட்டினாரா? நெஜத்தச் சொல்லு. மெரட்டினாருன்னு சொல்லு."

"இல்ல அத்தை."

பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டு வாங்க வரிசையில் நின்றார்கள். பொரித்த மீன் வாசம் வந்தது. அத்தை துண்டை என் தோளில் போட்டுவிட்டுத் தூணுக்குப் போய் உட்கார்ந்தார்.

"ஆறு மாசம்," என்றார். "கடன்காரன் கூட ஒரு வருஷம் பொறுப்பான். இத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் மூணு ராத்திரியா எங்கூட ஒரே கட்டில்ல படுத்தியா? அந்த ரொட்டிக்காரி துஆ செஞ்சப்ப வாய மூடிட்டு இருந்தியா?"

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். முன்னாடியே சொல்லிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருக்க மாட்டேன். நிச்சயமா வந்திருக்க மாட்டேன்."

கரை சேருகிற வரை அவர் தூணை விடவில்லை. இறங்கும்போது நான் கை நீட்டினேன். முன்பின் தெரியாத ஒரு மன்சூராப் பையனின் கையைப் பிடித்து இறங்கினார்.

அன்று சாயங்காலம் அவர் கலஃபின் மேசைக்குப் போனதை மாடியிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போய்ப் பின்னால் நின்றேன். லக்ஸர் படம் அவர் கையில் இருந்தது.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸு கெளம்பிடும் ஹாஜியம்மா. நாலு மணி நேரம் போக, நாலு மணி நேரம் வர. ரெண்டு பேருக்கு எடுத்து வெக்கறேன்."

"ஒருத்தருக்கு."

கலஃப் என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு ஊரு சுத்தினது போதும்," என்றார் அத்தை. "நாதிர் லக்ஸரப் பத்தி எங்கிட்டயும் சொல்லல, இவகிட்டயும் சொல்லல. இது நானாப் போறது."

மறுநாள் நான் கண் விழித்தபோது கட்டிலில் அவர் பக்கம் காலியாக இருந்தது. போர்வையை மடித்து வைத்திருந்தார். என் பக்கத்து மேசையில் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் காகிதத்தில் சுற்றி இருந்தன. கோபத்திலும் என்னைப் பட்டினி போட அவருக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் நான் கடற்கரைக்குப் போகவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, கேட்டால் எதற்கென்று கேட்பது? அஷ்ரஃபைப் பிடித்திருந்தது என்பதற்கா? அவர் கடையில் வெறும் இருமல் மருந்து வாங்கப் போன நான் அழுதபோது, ஏன் அழுகிறாய் என்று கேட்காமல் அவர் நாற்காலி போட்டுக் கொடுத்ததற்கா? நாதிரைப் பிடித்த அளவு பிடிக்கவில்லை. ஆனால் பிடித்திருந்தது. அதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

பஸ் தாமதமாகத்தான் வந்தது. ஓட்டல் வாசலில் காத்திருந்தேன். அத்தை செருப்பெல்லாம் புழுதியாக இறங்கினார். ஒரே நாளில் இளைத்துவிட்டவர் போல இருந்தார். வாசல் படியிலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"ராஜாக்களோட சமாதி எல்லாம் பாத்தேன்," என்றார், தெருவைப் பார்த்தபடி. "அந்த கைடு பையன் சொல்றான், ஒருத்தனுக்குக் கட்டிலு, செருப்பு, வாத்துக் கறி வரைக்கும் உள்ள வெச்சு மூடினாங்களாம். ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே இருந்துச்சாம். யாரும் தொடல. உள்ள படுத்திருந்த அவனும் தொடல."

நான் அவர் கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

"ஒன்ன வாழ்த்தணும்னு எனக்குத் தெரியுது ரீஹாம். நீ தப்பு ஒண்ணும் பண்ணல. எனக்கு ஒரு மக இருந்து அவளுக்கு இப்படி ஆயிருந்தா, நானே மாப்பிள்ள தேடிருப்பேன். எல்லாம் தெரியுது. ஆனா வாய் வர மாட்டேங்குது. நீ கேக்காத. கேட்டா நான் வேற ஏதாவது சொல்லிடுவேன்."

"கேக்க மாட்டேன் அத்தை."

"நீ சிரிக்கறப்ப எல்லாம் அவன் உயிரோட இருக்கான்னு நெனச்சிட்டு இருந்தேன். நீ போய்ட்டா எனக்கு அவன் ரெண்டாந் தடவ சாவறான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வா," என்றார்.

கெய்ரோவில் பஸ் நிலையத்துக்கு அப்பா காரோடு வந்திருந்தார். ஷுப்ராவில் இறக்கிவிடுகிறேன் என்று அத்தையிடம் எவ்வளவோ சொன்னார். "மெட்ரோ இருக்கு," என்று பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் மோதிரத்தைக் கழற்றிக் கொண்டு ஓடினேன். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். இரண்டு கன்னத்திலும். கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு ஆளிடம் ஒரு ஜோடிக் கம்பளி கொடுத்தனுப்பினார்.

அடுத்த வருஷம் அவர் ஷுப்ரா வீட்டை விட்டுவிட்டு தமன்ஹூரில் தங்கையோடு போய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். ஆண் குழந்தை என்று சொல்லியிருந்தார்கள். ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று அஷ்ரஃபிடம் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு சம்மதம். ஆனா மொதல்ல நாதிரோட அம்மாகிட்ட கேட்டுடு," என்று ரயிலேற்றிவிட்டார்.

கதவைத் திறந்த அத்தை முதலில் என் வயிற்றைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை. உள்ளே கூட்டிப் போய் முதுகுக்குத் தலையணை வைத்தார். டீ போட்டார். கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா, மருந்துக்கடைக்காரன் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கை பேரன் ஒருவன் பக்கத்து அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தைக்கு உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. முகம் பரவாயில்லை. நான் கேட்க வந்ததை எப்படித் தொடங்குவது என்று டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

"ஆம்பளப் புள்ளையா?" என்றார்.

"ஆமா அத்தை."

"ரீஹாம், ஒண்ணே ஒண்ணு. அவன் பேர வெச்சுடாத."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீ வெக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஒரு பாசத்துல வெச்சுடுவியோன்னுதான் சொல்றேன். நீ என்னைக்காவது புள்ளையக் கூட்டிட்டு வருவ. நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடணும். அது ஓடி வரும். வர்றது வேற யாரோ. என்னால முடியாதும்மா."

தலையாட்டினேன். வேறு என்ன பேர் யோசித்திருக்கிறோம் என்று கேட்டார். வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன். நல்ல பேர் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். தெருமுனை வரை என் கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மெதுவாகப் போகும்படி ஓட்டுநரை அதட்டினார்.